வாலில்லாப் பறக்கும் இறக்கை

மலாய்த் தீவுக்கூட்டத்துக் காடுகளிலே பெருமரங்களைப் பற்றிப் படரும் கொடி ஒன்று உண்டு. தாவரவியலார் அதனை அல்சொமித்திரா மக்ரோகார்ப்பா என வழங்குவர். முன்னாளில் அது சனோனியா என்னும் பெயரால் அறியப்பட்டது. மனிதன் தலையளவான அதன் காய் முற்றி அடிப்புறம் திறந்ததும், உள்ளே அடுக்கடுக்காக இருந்த விதைகள் ஒவ்வொன்றாகக் காற்றில் இறங்குகின்றன. விதையின் இருமருங்கிலும் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய சவ்வு விரிந்திருக்கும். முனைக்கு முனை அதன் நீளம் ஏறக்குறைய 13 சென்ரிமீற்றர். நிறையோ ஒரு கிராமின் மூன்றிலொரு பங்களவே. அதற்கு உடல் இல்லை, வால் இல்லை, சுக்கான் இல்லை. எனினும் அது சருகுபோற் புரண்டு வீழ்வதில்லை. செக்கனுக்கு அரை மீற்றரளவான வேகத்தில் மெல்ல இறங்கிக்கொண்டே முன்னோக்கிச் சறுக்கிச் செல்கின்றது. காற்று அதனை அலைக்கழித்தாலும் தன்னிலைக்குத் தானே மீள்கின்றது.

மனிதன் செய்த விமானங்களுட் பெரும்பாலானவை வால் உடையன. அம்பின் இறகும் பட்டத்தின் வாலும் எதற்காக என்பதை உணர்ந்தவர்க்கு விமானத்தின் வாலும் வியப்பளிக்காது. அவ்வாறாயின் வாலில்லாத விதை எவ்வாறு நிலைகுலையாது பறக்கின்றது? இவ்வினா கடந்த நூற்றிருபது ஆண்டுகளாக விமானவியலாரின் சிந்தையைக் கவர்ந்து வந்துள்ளது. சிலர் உயிரையும் கொண்டுள்ளது. அதே வினாவிற்கு இன்று ஒரு மாணவன் நுரைத்துண்டும் கம்பியும் வானொலிக் கருவியும் கொண்டு தன் கையாலேயே விடை காணலாம். கிளைடர் எனப்படும் சறுக்கு விமானங்களுள் வாலற்றதாய், இறக்கை மட்டுமேயாய் அமைந்த வகையைத் தெரிந்தெடுக்கும் முறையையும் அமைக்கும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. அதற்கு அடிப்படையான உண்மை ஒன்றே: விமானத்தின் வாலை நீக்கிவிடலாம், வால் ஆற்றும் கடமையை நீக்கிவிட இயலாது.

வாலின் கடமை யாது என்பதை முதலில் நோக்குவோமாக. பறக்கும் பொருள் இரண்டு நிபந்தனைகளை நிறைவேற்றல் வேண்டும். முதலாவது, அதன்மீது தாக்கும் விசைகள் யாவும் ஒன்றையொன்று சமன்செய்து, மூக்கு உயராமலும் தாழாமலும் இருத்தல். இரண்டாவது, காற்று மோதி மூக்கு உயர்ந்துவிடின் அது தானே மீண்டும் தாழ்ந்து பழைய நிலையை அடைதல். இரண்டாவது நிபந்தனை நிறைவேற வேண்டுமாயின், புதிதாக எழும் தூக்குவிசை தாக்குகின்ற இடத்திற்கு முன்னே விமானத்தின் ஈர்ப்பு மையம் அமைதல் வேண்டும். புதிய தூக்குவிசை தாக்கும் அவ்விடத்தை நடுநிலைப் புள்ளி என்பர். ஈர்ப்பு மையம் அதற்கு முன்னே இருந்தால், மூக்கு உயரும்போது பின்னே எழும் விசை மூக்கைத் தாழ்த்துகின்றது. மூக்கு தாழும்போது அவ்விசை குறைந்து மூக்கு உயர இடங்கொடுக்கின்றது. பௌதிக நூல்கள் உறுதிச் சமநிலை என்று கூறுவது இதனையே.

ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஈர்ப்பு மையத்தை முன்னே கொண்டுவந்தவுடன் விமானம் மூக்குப் பாரமுடையதாகி முதலாவது நிபந்தனையை மீறுகின்றது. அதனைச் சரிசெய்வதே வாலின் வேலை. வால் தன் பின்புறத்தைக் கீழ்நோக்கி அழுத்தி மூக்கை உயர்த்திப் பிடிக்கின்றது. நீண்ட உடலின் கடைசியில் இருப்பதால், நெம்புகோலின் நுனியில் வைத்த சிறு நிறைபோல, சிறிய விசையாலேயே இதனைச் செய்து முடிக்கின்றது.

வாலில்லா இறக்கை இக்கடமையைத் தன்னுள்ளேயே நிறைவேற்ற வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. ஒன்று, இறக்கையின் பின்விளிம்பைச் சிறிது மேல்நோக்கி வளைப்பது. அவ்விளிம்பின்மேற் செல்லும் காற்று இறக்கையின் பின்பகுதியைக் கீழே அழுத்த, மூக்கு உயர்கின்றது. பலகைபோல நேராக அமைந்த இறக்கைகள் இவ்வழியையே நம்பியுள்ளன. மற்றொன்று, இறக்கையின் இரு பாதிகளையும் பின்னோக்கிச் சரித்து, முனைகளை முறுக்கி, நடுப்பகுதியிலும் குறைந்த கோணத்தில் காற்றைச் சந்திக்கச் செய்வது. அப்போது முனைகள் ஈர்ப்பு மையத்திற்குப் பின்னே அமைந்து, இரு கூறாகப் பிரிந்த வால்போலத் தொழிற்படுகின்றன. சனோனியா விதையிலே சவ்வின் பின்சரிவும் முனைவளைவும், விதைப் பருப்பு அமைந்துள்ள இடமும் இக்கடமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இதற்கு ஒரு விலையும் உண்டு. வாலின் நெம்புகோல் நீளமானது; இறக்கையின் நெம்புகோல் குறுகியது. எனவே ஈர்ப்பு மையத்தின் இடத்தில் வாலுள்ள விமானம் பொறுத்துக்கொள்ளும் பிழையை வாலில்லாதது பொறுத்துக்கொள்ளாது. அன்றியும், பின்விளிம்பு மேல்நோக்கி நிற்பதால் மொத்தத் தூக்குவிசை சற்றுக் குறைகின்றது. தரையிறங்கும் வேகம் கூடுகின்றது. இவ்விலையைக் கொடுக்க மனமில்லாதவர் வாலுள்ள விமானத்தையே அமைப்பது நன்று. கொடுப்பவருக்குக் கிடைப்பன எளிமையும் உரமும் ஆகும். முறிவதற்கு வாலும் இல்லை. வாலைத் தாங்கும் தண்டும் இல்லை.

இவ்வுண்மைகள் எளிதிற் பெறப்பட்டவை அல்ல. ஒஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த இகோ எத்ரிச் என்பவர் சனோனியா விதையின் வடிவத்தைப் பின்பற்றிச் சறுக்கு விமானங்களை அமைத்தார். அவருடன் உழைத்த பிரான்ஸ் வெல்ஸ் 1906ஆம் ஆண்டில் அத்தகைய ஒன்றில் ஏறிப் பறந்தார். ஆயினும் எத்ரிச் பின்னர் இயந்திரம் பூட்டி அமைத்துப் புகழ்பெற்ற தௌபே விமானத்தில், விதையின் இறக்கை வடிவத்தை வைத்துக்கொண்டு வாலையும் சேர்த்துவிட்டார். பிரித்தானியப் படையதிகாரியாயிருந்த ஜோன் வில்லியம் டன் வாலைச் சேர்க்க உடன்படவில்லை. பின்சரிந்து முனைமுறுக்கிய இறக்கைகளைக் கொண்ட அவருடைய விமானம் 1910ஆம் ஆண்டில் ஈஸ்ட்சேர்ச் என்னும் இடத்திற் பறந்தது. கைப்பிடிகளை விட்டுவிட்டுத் தாளிற் குறிப்பெழுதியபடியே அவர் பறந்து காட்டினார். சான்றாளர்களுள் ஒருவராக நின்றவர் ஓர்வில் ரைட். காலத்தைப் பற்றிய தத்துவ நூலொன்றை 1927இல் வெளியிட்டுப் பெயர்பெற்ற டன் என்பவரும் இவரே.

ஜேர்மனியில் வால்ற்றர் ஹோர்ட்டன், ரைமார் ஹோர்ட்டன் என்னும் சகோதரர் இருவர் பொன் நகரிலே தம் முதலாவது பறக்கும் இறக்கையை அமைத்தனர். 1933இல் அது பறந்தபோது இளையவர் ரைமாரின் வயது பதினெட்டே. உடலும் வாலும் அற்ற அவர்களுடைய சறுக்கு விமானங்கள், ரோன் மலைப்பகுதியில் நடைபெற்ற போட்டிகளில் அறிஞர்களின் கருத்தை ஈர்த்தன. அமெரிக்காவில் ஜாக் நோர்த்ரொப் இக்கருத்தைப் பேருருவில் நிறைவேற்ற முனைந்தார். 52 மீற்றர் வீச்சுள்ள அவருடைய குண்டுவீச்சு விமானம் முதலில் விசிறிகளுடன் 1946இலும், பின்னர் தாரை இயந்திரங்களுடன் 1947இலும் பறந்தது. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் நாள் தாரை விமானங்களுள் ஒன்று பறக்கையிலேயே சிதைந்து வீழ, அதிலிருந்த ஐவரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் கப்டன் கிளென் எட்வேர்ட்ஸ். கலிபோர்னியாவின் மியூரொக் விமானத்தளம் 1949 முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. இதற்கு முன்னரே, 1946 செப்டெம்பரில், இங்கிலாந்தில் கிடைவாலற்ற வேக விமானமொன்று வானிற் சிதைந்து ஜெப்ரி டி ஹவிலண்ட் என்னும் விமானி உயிரிழந்திருந்தார்.

நோர்த்ரொப்பின் திட்டம் கைவிடப்பட்டது. கணக்கிடும் கருவிகள் செக்கனுக்குப் பலமுறை விமானத்தின் நிலையைத் திருத்தவல்ல காலம் வந்த பின்னரே அக்கருத்து மீண்டும் உயிர்பெற்றது. 1980இல் முதுமையும் நோயும் உற்றிருந்த நோர்த்ரொப்புக்குப் புதிய குண்டுவீச்சு விமானத்தின் சிறு மாதிரியுரு மறைவாகக் காட்டப்பெற்றது. மறு ஆண்டில் அவர் காலமானார். அவ்விமானம் 1989இற் பறந்தது; அதன் வீச்சும் 52 மீற்றரே.

மாணவன் அமைக்கும் நுரையிறக்கைக்குக் கணக்கிடும் கருவி தேவையில்லை. ஈர்ப்பு மையத்தை உரிய இடத்தில் வைத்தால் இயற்கையின் விதியே அதனைத் திருத்தும். 1990களில் அமெரிக்காவில் சாகி என்னும் பெயருடைய நுரையிறக்கை, ஏறக்குறைய 120 சென்ரிமீற்றர் வீச்சுடன் விற்பனைக்கு வந்து பரவியபோது இது பலருக்கும் தெளிவாயிற்று. மலைச்சரிவுகளில் ஒன்றோடொன்று மோதி விளையாடவும் அவை பயன்பட்டன. வீழ்ந்தவை எடுத்து மீண்டும் எறியப்பட்டன.

இனித் தெரிவு பற்றி ஆராய்வோம். தெரிவு செய்ய வேண்டியவை மூன்று: வடிவம், அளவு, பொருள். நேரான பலகை வடிவம் வெட்டுவதற்கு எளிது, முறுக்கும் தேவையில்லை. ஆயினும் அதன் நெம்புகோல் மிகக் குறுகியதாதலால், ஈர்ப்பு மையத்திற் சில மில்லிமீற்றர்ப் பிழையும் அதனைத் துள்ளச் செய்யும். பின்சரிந்த வடிவம் வெட்டுவதற்குச் சற்றுக் கடினமெனினும் முதன்முறை அமைப்போருக்கு அதுவே ஏற்றது. பின்சரிவு ஏறக்குறைய 20 பாகை இருத்தல் போதும். அதிகமாகச் சரித்தால் முனைகளில் தூக்குவிசை முதலிற் குலைந்து இறக்கை சுழன்று வீழ இடமுண்டு. முனைகளை மிக ஒடுக்குவதும் அவ்வாறே கேடு பயக்கும்.

அளவைப் பொறுத்தவரை, 80 சென்ரிமீற்றரிலும் சிறியது விரைந்து திரும்பும். பழகாத கைக்கு அது அடங்காது. தொலைவிற் சென்றதும் எத்திசையை நோக்குகின்றது என்பதும் புலப்படாது. 2 மீற்றருக்கு மேற்பட்டது அழகாகப் பறக்கும். ஆனால் நுரை வளைந்து முறுகாமற் காப்பது அரிது. 120 சென்ரிமீற்றர் வீச்சு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. மேற்புறத்திற்கும் கீழ்ப்புறத்திற்கும் வெவ்வேறு நிறம் இடுவது கண்ணுக்குத் துணையாகும்.

பொருள்களுள், நம்மவர் ரெஜிபோம் என வழங்கும் வெண்ணிறப் பொலிஸ்ரைரீன் நுரை மலிவானது, விறைப்பானது, எங்கும் கிடைப்பது. ஆனால் அது மோதினால் நொறுங்கும். பெற்றோலும் சில பசைகளும் பட்டால் உருகிக் கரையும். ஈ.பி.பி. என்னும் பொலிபுரொப்பிலீன் நுரையோ அழுத்தினால் மீண்டெழும் இயல்புடையது. தரையில் தலைகீழாக மோதியும் பெரும்பாலும் சேதமின்றி எழும். உடனொட்டும் பசையும் அதனைக் கரைப்பதில்லை. அதன் குறை அது தளர்ந்து வளைவதேயாகும். அதற்குக் கோலும் நாடாவும் துணைநிற்க வேண்டும். பழகுவோருக்கு வீழ்ச்சி தவிர்க்க முடியாததாதலின், ஈ.பி.பி. கிடைக்குமிடத்து அதனையே கொள்ளுதல் தகும்.

இறக்கையின் குறுக்குவெட்டு வடிவமும் கருதற்பாலது. சாதாரண விமானத்தின் வளைந்த வடிவம் மூக்கைத் தாழ்த்தும் இயல்புடையது. வாலில்லா இறக்கைக்கு அது பொருந்தாது. பின்விளிம்பு சிறிது மேல்வளைந்த வடிவங்கள் இதற்கெனவே வகுக்கப்பட்டுள்ளன. ஜேர்மனியரான மாட்டின் ஹெப்பேர்லே வகுத்த எம்.எச். 45 என்பது அவற்றுள் ஒன்று. அதன் தடிப்பு நாணின் பத்திலொரு பங்களவு. முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையுள்ள அகலமே நாண் எனப்படுவது.

அளவுகளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வீச்சு 120 சென்ரிமீற்றர். நடுவில் நாண் 30. முனையில் நாண் 20. முனையின் முன்விளிம்பு நடுவின் மூக்கிலும் 24 சென்ரிமீற்றர் பின்னே நிற்கின்றது எனக் கொள்வோம். சராசரி நாண் 25 ஆதலால் பரப்பு 3000 சதுர சென்ரிமீற்றர். பறக்கும்போதுள்ள நிறை 600 கிராமாயின், ஒவ்வொரு 100 சதுர சென்ரிமீற்றரும் 20 கிராமைத் தாங்குகின்றது. இதனை இறக்கைச் சுமை என்பர். இச்சுமையில் இவ்விறக்கை மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் தாங்கமாட்டாது வீழும். நிறை இருமடங்காயின் அவ்வெல்லை 35 கிலோமீற்றராகும். வேகம் நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் கூடுவதே காரணம். ஆதலால் மென்காற்றுக்கு இலேசான இறக்கையும் வன்காற்றுக்குப் பாரமான இறக்கையும் ஏற்றவை.

இப்போது நடுநிலைப் புள்ளியைக் காணலாம். ஒடுங்கிச் செல்லும் இறக்கைக்குப் பதிலாக நின்று கணக்கிடத்தக்க சராசரிக் காற்றியல் நாண் இவ்வெடுத்துக்காட்டில் 25.3 சென்ரிமீற்றர். அது நடுவிலிருந்து 28 சென்ரிமீற்றர் தூரத்தில் அமைகின்றது. அவ்விடத்தில் முன்விளிம்பு மூக்கிலிருந்து 11.2 சென்ரிமீற்றர் பின்னே உள்ளது. நடுநிலைப் புள்ளி அந்நாணின் காற்பங்கில், அதாவது மூக்கிலிருந்து 17.5 சென்ரிமீற்றரில் அமையும். ஈர்ப்பு மையம் அதற்கு முன்னே, நாணின் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரையிலான தூரத்தில் இருத்தல் வேண்டும். நூற்றுக்கு 8 எனக் கொண்டால் அது 2 சென்ரிமீற்றர். எனவே மூக்கிலிருந்து 15.5 சென்ரிமீற்றரில் ஈர்ப்பு மையம் நிற்க வேண்டும். 5க்கும் 10க்கும் இடைப்பட்ட எல்லை முழுவதும் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றே கூடியது என்பது கவனிக்கத்தக்கது. ஒரு விரலகலத்தில் முழு விமானத்தின் வாழ்வும் அடங்கியுள்ளது.

நுரையை வெட்டுவதற்குச் சூடான கம்பியே சிறந்த கருவி. வில்போன்ற சட்டத்தில் நிக்குரோம் கம்பியை இறுகக் கட்டி, குறைந்த அழுத்த மின்னோட்டத்தாற் சூடாக்குவர். நடு நாணுக்கும் முனை நாணுக்கும் உரிய வடிவங்களை மெல்லிய ஒட்டுப்பலகையில் வெட்டி, நுரைக்கட்டியின் இரு பக்கங்களிலும் ஊசியாற் பொருத்த வேண்டும். முனை வடிவத்தை 2 பாகையளவு மூக்குத் தாழப் பொருத்தினால் முறுக்கு வெட்டும்போதே அமைந்துவிடும். இரு வடிவங்களும் நீளத்தில் வேறுபடுவதால் ஒவ்வொன்றையும் பத்துச் சம பங்காகப் பிரித்து இலக்கமிடல் வேண்டும். இருவர் வில்லின் இரு பக்கத்தையும் பிடித்து, ஒருவர் இலக்கங்களை உரக்கச் சொல்ல, இருவரும் ஒரே கணத்தில் அவ்வவ் இலக்கத்தை அடைய வேண்டும். நடுப்பக்கத்தவர் 3 சென்ரிமீற்றர் நகரும் நேரத்தில் முனைப்பக்கத்தவர் 2 சென்ரிமீற்றரே நகர்வார். ஒருவர் முந்தினால் இறக்கையின் மேற்பரப்பில் அலை விழும். வெட்டும்போது எழும் புகை நச்சுடையதாதலின் இவ்வேலை காற்றோட்டமுள்ள இடத்திலேயே நடைபெறல் வேண்டும். வெட்டியபின் எஞ்சும் மேல் கீழ் நுரைக்கூடுகளை எறிந்துவிடலாகாது. பசை காயும்வரை இறக்கையை நேராக வைத்திருக்கும் தொட்டில்களாக அவை பயன்படும்.

இரு பாதிகளையும் ஒட்டியபின், தடிப்பு மிகுந்த இடத்தில் கீறிய பள்ளத்திற் காபன் கோலை இறக்கிப் பசையிட வேண்டும். பின்னர் நூலிழை பதித்த வலுவான நாடாவை மேலும் கீழும் குறுக்காக ஒட்டினால், தளர்ந்த நுரை விறைப்புறும். இரு பக்கத்திலும் ஒரே இழுப்புடன் ஒட்டுதல் இன்றியமையாதது. ஒரு பக்கம் மிகையாக இழுத்தால் இறக்கை முறுகிவிடும். ஒவ்வொரு படியிலும் பின்னிருந்து கண்ணை மட்டப்படுத்தி நோக்கி, இரு முனைகளும் ஒத்த கோணத்தில் உள்ளனவா எனச் சோதித்தல் நன்று.

கட்டுப்பாட்டுக்குரிய உறுப்புகள் பின்விளிம்பில் அமையும் இரு மடிப்பலகைகளே. இவற்றை எலிவொன் என்பர். 4 சென்ரிமீற்றர் அகலமுள்ள போல்சா மரச் சீவல்களை நாடாவாற் கீல்போலப் பொருத்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சேர்வோ மோட்டரால் அசைக்கலாம். இரண்டும் ஒருங்கே உயர்ந்தால் மூக்கு உயரும். ஒன்று உயர மற்றது தாழ்ந்தால் இறக்கை உருளும். இவ்விரு கட்டளைகளையும் கலந்து மோட்டர்களுக்குப் பங்கிடும் வேலையை வானொலிச் செலுத்தியே செய்துவிடும். வலப்பக்கம் திரும்பக் கட்டளையிட்டால் வல எலிவொன் உயர வேண்டும். இது மாறியிருப்பதை அறியாது எறியப்படும் இறக்கை செக்கன்களில் தரையில் மோதும். முனைகளில் நிறுத்தும் செங்குத்துத் தகடுகள் திசை தவறாமற் காக்கும்.

நிறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கனவடிவிற் பார்த்தால் இவ்விறக்கையின் நுரை ஏறக்குறைய 5 லீற்றர். லீற்றருக்கு 20 கிராம் நிறையுள்ள நுரையாயின் மொத்தம் 100 கிராமளவே. எஞ்சிய நிறை யாவும் பசை, நாடா, கோல், மோட்டர் முதலியவற்றால் வருவது. பின்சரிந்த இறக்கையில் இவற்றுட் பல ஈர்ப்பு மையத்திற்குப் பின்னே அமைகின்றன. முனைத்தகடுகளில் 10 கிராம் கூடினால் அதனைச் சமன்செய்ய மூக்கில் ஏறக்குறைய 16 கிராம் சேர்க்க நேரிடும். ஆகவே பின்புறத்தில் ஒவ்வொரு கிராமையும் எண்ணிச் செலவிடல் வேண்டும்.

சமநிலையைக் கணக்கால் முன்னரே அறியலாம். மின்கல அடுக்கு நீங்கலாக இறக்கையின் நிறை 500 கிராம். அதன் ஈர்ப்பு மையம் மூக்கிலிருந்து 18 சென்ரிமீற்றர். மின்கல அடுக்கின் நிறை 100 கிராம் எனக் கொள்வோம். மொத்தம் 600 கிராமின் மையம் 15.5இல் நிற்க வேண்டுமாயின் 600ஐ 15.5ஆற் பெருக்க 9300 வரும். 500ஐ 18ஆற் பெருக்க 9000. வேறுபாடு 300. எனவே 100 கிராம் மின்கல அடுக்கின் நடு மூக்கிலிருந்து 3 சென்ரிமீற்றரில் அமைதல் வேண்டும். அதனை வசதி கருதி 15 சென்ரிமீற்றரில் வைத்தால் மையம் 17.5க்குச் சென்று நடுநிலைப் புள்ளியின் மேலேயே விழும். அவ்விறக்கை பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதது. ஆனால் மூக்கு உயர்ந்தால் உயர்ந்தே போகும், தாழ்ந்தால் தாழ்ந்தே போகும். எவ்வளவு திறமையான கையும் அதனை நெடுநேரம் காக்கமாட்டாது. அழகிய வேலைப்பாடு சமநிலைக்கு ஈடாகாது என்பதை இதனிலும் தெளிவாகக் காட்டும் பாடம் வகுப்பறையிற் கிடைப்பது அரிது.

யாவும் பொருத்தி முடிந்தபின், இரு பாதியிலும் 15.5 சென்ரிமீற்றர்க் கோட்டில் விரல்நுனிகளை வைத்து இறக்கையைத் தாங்கிப் பார்க்க வேண்டும். அது மட்டமாக நின்றால் நன்று. பின்புறம் தாழ்ந்தால் மூக்கில் ஈயம் சேர்க்க வேண்டும். எலிவொன்கள் இரண்டையும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் உயர்த்தி வைத்து, புல்வெளியில் எதிர்க்காற்றை நோக்கி, மட்டமாக, உறுதியுடன் எறிதல் வேண்டும். மேல்நோக்கி எறிவது தவறு. முதலில் ஒருவர் எறிய மற்றவர் கட்டுப்படுத்துவது சிறந்தது. இறக்கை நேரே தரையை நோக்கினால் எலிவொன்களைச் சிறிது உயர்த்தலாம். எழுந்து, தயங்கி, வீழ்ந்து, மீண்டும் எழுந்து அலையலையாகச் சென்றால் எலிவொன் மிகையாக உயர்ந்துள்ளது அல்லது மையம் பின்னே உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. போதிய உயரத்தில் மூக்கை மெல்லத் தாழ்த்திக் கைவிட்டால், மையம் முன்னே இருக்கும் இறக்கை விரைவாகத் தானே நிமிரும். மையம் பின்னே இருப்பது மேலும் செங்குத்தாகக் கவிழும். மெதுவாக நிமிர்வதே சரியான நிலை.

இயந்திரமில்லாத இறக்கை உயரே நிற்பது எவ்வாறு? காற்று மலைச்சரிவில் மோதும்போது மேல்நோக்கித் திரும்புகின்றது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில், ஒரு மீற்றர் இறங்குவதற்குள் 10 மீற்றர் முன்செல்லும் இறக்கை செக்கனுக்கு 0.8 மீற்றர் இறங்குகின்றது. சரிவில் எழும் காற்று அதனிலும் விரைந்து எழுமாயின், இறக்கை காற்றினுள் இறங்கிக்கொண்டே உலகத்தை நோக்க உயர்கின்றது. கலிபோர்னியாவின் டொரி பைன்ஸ் கடற்குன்றிலே மனிதரைத் தாங்கிய சறுக்கு விமானங்களும் மாதிரி விமானங்களும் பல்லாண்டுகளாகக் கடற்காற்றில் இவ்வாறே பறந்து வந்துள்ளன. குன்றின் மறுபுறத்திற் காற்றுச் சுழன்று கீழிறங்கும். அங்கே இறக்கையைச் செலுத்துவது இழப்பதற்கு ஒப்பாகும்.

600 கிராம் நுரையாயினும் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் முகத்தில் மோதினால் கண்ணைக் கெடுக்கும். மக்கள் கூடுமிடம், நெடுஞ்சாலை, மின்கம்பி, விமான நிலையச் சுற்றாடல் ஆகியவற்றை விலக்குதலும், பறப்பதற்குரிய அனுமதி பற்றிய அரசின் விதிகளை முன்னரே அறிந்து ஒழுகுதலும் கடமையாகும். முன்னைய வானொலிக் கருவிகளில் ஒரே அலைவரிசையை இருவர் பயன்படுத்தினால் இருவரின் விமானமும் வீழும். இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் அவ்விடரைப் பெரிதும் நீக்கிவிட்டன. எனினும் மின்கலம் முழுமையாக ஏற்றப்பட்டுள்ளதா, தூரத்திலும் கட்டளை சென்றடைகின்றதா என ஒவ்வொரு நாளும் சோதித்தல் வேண்டும்.

இது வெறும் விளையாட்டு எனக் கருதுவோர் ஒன்றைச் சிந்தித்தல் தகும். 1933ஆம் ஆண்டில் லுட்விக் பிரான்டில் என்னும் ஜேர்மானியப் பேரறிஞர், தூக்குவிசை இறக்கையின் நெடுகிலும் மணியின் வடிவம்போற் பரந்து முனைகளில் மெல்ல மறையுமாயின், அதே கட்டமைப்பு நிறையில் வீச்சை நூற்றுக்கு 22 பங்கு கூட்டி, தூக்குவிசையால் விளையும் இழுவையை நூற்றுக்கு 11 பங்கு குறைக்கலாம் எனக் காட்டினார். ரைமார் ஹோர்ட்டன் தம் இறக்கைகளில் மணிவடிவப் பரவலைக் கையாண்டார். சாதாரண இறக்கை உருளும்போது மூக்கு எதிர்ப்புறம் திரும்ப முனைகின்றது. செங்குத்துத் தகடு வேண்டப்படுவது இதனாலேயே. மணிவடிவப் பரவலிலோ மூக்கு உரிய புறத்திற்கே திரும்பும் என்பது எதிர்பார்ப்பு. இதனை 2013ஆம் ஆண்டில் அல்பியன் பவேர்ஸ் என்பவரின் வழிகாட்டலில் நாசா நிலையத்தினர் சோதித்தனர். அவர்கள் பயன்படுத்தியது வாலும் செங்குத்துத் தகடும் அற்ற, ஏறக்குறைய 3.8 மீற்றர் வீச்சுள்ள, வானொலியால் இயங்கும் சறுக்கு விமானம். அது எதிர்பார்த்தவாறே திரும்பியது. முடிவுகள் 2016இல் வெளியிடப்பட்டன. அந்நிலையம் அமைந்திருப்பது, கிளென் எட்வேர்ட்ஸின் பெயர் தாங்கிய அதே விமானத்தளத்தில்.

பேரறிஞர் கணக்கிட்டதையும் இளைஞர் வீட்டில் அமைத்ததையும் விமானி உயிர்கொடுத்து அறிந்ததையும் இணைக்கும் இழை ஒன்றே. பறக்கும் பொருள் தன் சமநிலையைத் தன்னுள்ளேயே கொண்டிருத்தல் வேண்டும்; ஓர் உறுப்பை நீக்குபவர் அவ்வுறுப்பின் கடமையை வேறோர் உறுப்பிடம் ஒப்படைத்தல் வேண்டும். எறிவதற்கு முன் 15.5 சென்ரிமீற்றர்க் கோட்டில் இரு விரல்களை வைத்துப் பார்க்கும் மாணவன் அவ்விதியையே சோதிக்கின்றான். அச்சோதனையைச் செய்யாது எறிபவனுக்கும் விதி அதனைக் கற்பிக்கவே செய்யும். ஆனால் கற்பிக்கும் இடம் தரையாயிருக்கும்.